பெயர் எழுதாத படிவம்

சந்தேகப்படுவது எனக்குப் பிறவிக்குணம் இல்லை. பதினாலு வருட வேலையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்தது. ஒரு பெரிய கம்பெனியின் பணியாளர் துறையில் இருந்தேன். இடது காலைத் தாங்க இரும்புக் காலிப்பர், கையில் ஊன்றுகோல். கம்பெனியின் எந்த ஆண்டு மலரை எடுத்தாலும் அட்டையில் நான் சிரித்துக்கொண்டிருப்பேன். பதவி உயர்வுப் பட்டியலில் கடைசி வரி வரை தேடினாலும் கிடைக்கமாட்டேன். பார்வையிட யாராவது பெரிய மனிதர் வருகிறார் என்றால் என்னை இரண்டாம் மாடியிலிருந்து இறக்கி வரவேற்பறையில் உட்கார வைப்பார்கள். அவர் கார் தெருமுனை தாண்டியதும் மறுபடி ஏறிப் போகச் சொல்வார்கள். லிப்ட் பாதி நாள் ஓடாது.

ஒருநாள் பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கும்போதே ராஜினாமாக் கடிதத்தை மனசுக்குள் எழுதி முடித்துவிட்டேன்.

என் நாத்தனார் வக்கீல். தொழிலாளர் வழக்குகளில் எட்டு வருடம் அலைந்தவள். "கேஸுன்னு வந்த பிறகு போய் சண்டை போடறதை விட, முன்னாடியே போய் சரி பண்ணலாம் அண்ணி. அதுக்கும் ஒரு தொழில் இருக்கு" என்றாள். அப்படித்தான் ஆரம்பித்தோம். வேலை செய்யும் இடத்தில் யாருக்கு எது தடையாக இருக்கிறது என்று பார்த்து, அளந்து, கேட்டு, எழுதிக்கொடுப்பது. தரைத்தளத்தில் ஒரே அறை. 'சமவாசல் ஆலோசனை மையம்' என்று பலகை. அதன் கீழே சின்ன எழுத்தில் சமத்துவம், பன்மைத்துவம், மாற்றுத்திறனாளர் உரிமை.

பலகையை மாட்டிய அன்றைக்கே கட்டட உரிமையாளர் வந்து அண்ணாந்து பார்த்தார். "இது கட்சியா, மதமா?" என்றார். இரண்டும் இல்லை என்றோம். "அப்ப எதுக்கு இங்க ஆள் வருவாங்க?" யாராவது வருவார்களா என்று எங்களுக்கே தெரியாது என்பதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. முதல் மாதத்தில் உள்ளே வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர், இது கல்யாணத் தகவல் மையம் என்று நினைத்து மகனின் புகைப்படத்தோடு வந்தார். இன்னொருவர் பக்கத்துக் கடைக்காரர். நாங்கள் ரகசிய போலீஸா என்று தெரிந்துகொள்ள வந்தார். ஊரே எங்களைச் சந்தேகமாகப் பார்த்தது. நானும் ஊரை விடவில்லை. "நீ துணி காயப்போட்டாக்கூட வெயிலை ஒரு தரம் சந்தேகமா பாத்துட்டுத்தான் போடுவே" என்பார் என் வீட்டுக்காரர்.

ஆகவே, மருந்து பாட்டில் நிரப்பும் ஒரு கம்பெனியிலிருந்து தாமாகவே போன் வந்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் முதலில் வந்தது. எங்களை எப்படித் தெரியும்? எதற்காக நாங்கள்?

"அங்க பணியாளர் மேனேஜர் எனக்குத் தெரிஞ்சவர் அண்ணி. காலேஜ் போறப்ப ஒரே பஸ்ஸு" என்றாள் நாத்தனார்.

"அதை ஏன் முதல்லயே சொல்லல?"

"இப்பத்தானே போன் வந்துச்சு? இப்பத்தானே சொல்ல முடியும்?"

நியாயம்தான். ஆனாலும் மனசின் ஒரு மூலையில் அதைக் குறித்துக்கொண்டேன்.

அந்த மேனேஜருக்கு வாயில் முப்பத்திரண்டு பல்லும் எப்போதும் வெளியே இருந்தன. பார்த்த முதல் நிமிடமே அவருக்குப் பல்வரிசை என்று பெயர் வைத்துவிட்டேன். வாசலில் சாய்தளம் இருந்தது. பெயிண்ட் வாசனை போகவில்லை. நான் அளவு நாடாவை எடுத்தேன். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அங்கே நாலு அடிதான் இருந்தது. சக்கர நாற்காலியில் ஒருவர் அதில் இறங்கினால் நேரே தெருவைக் கடந்து எதிர்க் கடையில் போய்த்தான் நிற்பார். மாற்றுத்திறனாளர் கழிப்பறை என்று கதவில் அழகாக எழுதியிருந்தது. பூட்டியிருந்தது. சாவி காவலாளியிடம். திறந்தால் உள்ளே துடைப்பம், வாளி, உடைந்த நாற்காலி இரண்டு.

"இதெல்லாம் நீங்க சொல்லணும்னுதான் மேடம் கூப்பிட்டோம்" என்று பல்வரிசை சிரித்தார். "எங்ககிட்ட மருந்து வாங்கற வெளிநாட்டுக்காரங்க இப்ப இந்த மாதிரி ஒரு அறிக்கை கேக்கறாங்க. உள்ளது உள்ளபடி எழுதுங்க."

உள்ளது உள்ளபடி எழுதச் சொல்லும் மேனேஜரை என் பதினாலு வருடத்தில் நான் பார்த்ததே இல்லை. நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் அவரோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது.

கட்டடத்தை அளப்பது சுலபம். ஆட்களைக் கேட்பதுதான் வேலை. கேன்டீனை ஒட்டிய சின்ன அறையை வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினோம். கூடவே ஒரு படிவம். எந்தப் பிரிவு, ஆணா பெண்ணா, எத்தனை வருட வேலை, உடலில் ஏதாவது குறைபாடு உண்டா, வேலையில் என்ன மாற்றம் வேண்டும். பெயர் எழுத வேண்டாம் என்று தலைப்பிலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தோம்.

லேபிள் பிரிவுக்குள் நான் தனியாகப் போய் நின்று பார்த்தேன். ஓடும் பட்டையில் பாட்டில்கள் வலப்பக்கத்திலிருந்து வரும். பெயர், தேதி, அளவு எல்லாம் லேபிளில் சரியாக இருக்கிறதா என்று நாலு பெண்கள் பார்த்துப் பார்த்து விடுவார்கள். மூன்று பேரின் நாற்காலி பட்டைக்கு நேராக இருந்தது. நாலாவது நாற்காலி மட்டும் வலது பக்கமாகத் திரும்பியிருந்தது. அதில் இருந்தவர் ஐம்பது வயதுக்காரர். நெற்றியோரம் நரைத்த முடியும், முறைப்பான முகமும். பாட்டில் வரும்போது கண்ணைத் திருப்பாமல் கழுத்தையே திருப்பினார். மற்றவர்கள் விட்ட ஒரு பாட்டிலை அவர் கை நீட்டி எடுத்துத் தனியே வைத்ததையும் பார்த்தேன்.

தன் முறை வந்தபோது அவர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். படிவத்தைத் தொடவில்லை.

"நாற்காலியை ஏன் திருப்பிப் போட்டிருக்கீங்க அக்கா?" என்றேன்.

அவர் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "இதுல பேர் வராதா?"

"வராது."

"மேனேஜருக்குத் தெரியாதா?"

"தெரியாது அக்கா. பேரே எழுத வேண்டாம்."

"கையெழுத்தைப் பாத்துக் கண்டுபிடிச்சா?"

"நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். என் கையெழுத்துதான் இருக்கும்."

அந்த மூன்றாவது கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நம்ம ஜாதி என்று நினைத்துக்கொண்டேன், சந்தேக ஜாதி. அவர் என் ஊன்றுகோலை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். அஞ்சு வருடமாக ஒரு கண்ணில் பார்வை இல்லை என்று விரலால் தொட்டுக் காட்டினார். முதலில் மங்கல், பிறகு சுத்தமாகப் போய்விட்டது. இருபத்திரண்டு வருட வேலையில் அவர் பார்த்து அனுப்பிய பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இந்த அஞ்சு வருடத்திலும் வரவில்லை. ஆனால் கழுத்து வலி உயிரை எடுக்கிறது.

"பட்டைக்கு அந்தப் பக்கம் உக்கார விட்டாப் போதும் மேடம். பாட்டில் இடது பக்கமா வரும். அவ்வளவுதான். கேக்க பயமா இருக்கு. கண்ணு இல்லைன்னு தெரிஞ்சா அனுப்பிடுவாங்க. எங்க வீட்டுக்காரர்கிட்டகூட நான் சொல்லல."

ஒரு நாற்காலி இடம் மாற வேண்டும். அதற்காக ஒரு மனுஷி அஞ்சு வருடம் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறார். இந்த அறிக்கையை யாரும் தட்டிக்கழிக்க முடியாதபடி எழுதுவது என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

யாரோ எதையோ சொன்னார்கள் என்று எழுதினால், 'பொதுவா சொல்றாங்க' என்று பல்வரிசை சிரித்தே தள்ளிவிடுவார். ஆகவே அட்டவணை போட்டேன். பிரிவு, பால், பணிக்காலம், குறைபாடு என்று கட்டம் கட்டமாக, எந்தக் கட்டத்தில் எத்தனை பேர் என்று எண்ணிக்கையோடு. மூன்று நாள் முதுகொடிய உட்கார்ந்து போட்ட அட்டவணை. இரும்பு மாதிரி இருந்தது.

நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள். "இவ்வளவு பிரிச்சுப் போடணுமா அண்ணி? எல்லாப் பிரிவையும் ஒண்ணா சேர்த்து மொத்தமா குடுத்துடலாமே."

"ஏன்? உன் பஸ் சிநேகிதருக்குச் சங்கடமா இருக்குமா?"

அவள் முகம் சிவந்தது. "எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஏதோ சரியில்லைன்னு தோணுது."

"அவங்களுக்குச் சரியில்லாம இருக்கணும்னுதான் போட்டிருக்கேன்" என்றேன். அவள் அட்டவணையை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அறிக்கை போன பத்தாம் நாள் எனக்குப் போன் வந்தது. லேபிள் அக்கா.

"நாளையிலிருந்து வர வேண்டாம்னுட்டாங்க மேடம். ரெண்டு கண்ணும் சரியா இருக்குன்னு டாக்டர் சர்டிபிகேட் வாங்கிட்டு வந்தாத்தான் உள்ள விடுவாங்களாம். நான் எங்க போய் வாங்குவேன்?" பிறகு கேட்டார். "உங்ககிட்ட மட்டும்தானே மேடம் சொன்னேன்?"

போனை வைத்ததும் கண்ணில் பட்டது எதிர் மேசையில் இருந்த நாத்தனார்தான். எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டது. ஒரே பஸ். வாசலில் சிரிப்பு. அட்டவணை வேண்டாம் என்று சொன்னது. போன வாரம்கூட அவள் வெளியே நின்று யாருடனோ வெகுநேரம் போனில் பேசினாள்.

"அந்த அக்கா கண்ணு விஷயத்தை நீ அவர்கிட்ட சொன்னியா?"

"என்ன அண்ணி?"

"எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். நான் சொல்லல."

அவள் எழுந்து நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அண்ணன் பொண்டாட்டிங்கறதுக்காக நான் உங்ககூட வரல. உங்களை மாதிரி ஒருத்தர் சொன்னா நாலு பேர் கேப்பாங்கன்னு நம்பித்தான் கோர்ட்டை விட்டுட்டு வந்தேன்." அறைச்சாவியை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வீட்டில் என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு அளவாகப் பேசினார். தங்கைக்குப் பரிந்துகொண்டு வருகிறார் என்று அவர் மேலும் எனக்குச் சந்தேகம். வீட்டில் மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். என் மேல் மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகக் கம்பெனிக்குப் போனேன். அந்த அநியாயச் சாய்தளத்தில் ஊன்றுகோலை அழுத்தி அழுத்தி ஏறினேன். பல்வரிசையின் அறைக்கதவைத் தட்டக்கூட இல்லை.

"யார் சொன்னாங்க உங்களுக்கு?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. முதல்முறையாக உதடு மூடியிருந்த அவர் முகத்தைப் பார்த்தேன். சாதாரணமான, களைத்துப்போன முகம்.

"உக்காருங்க மேடம்."

"என் நாத்தனார்தானே?"

"அவங்களா? அவங்க ஒரே ஒரு தரம்தான் போன் பண்ணாங்க. அறிக்கை வந்துடுச்சான்னு கேட்டாங்க. அதோட சரி." அவர் மேசை இழுப்பறையிலிருந்து எங்கள் அறிக்கையை எடுத்தார். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து என் பக்கமாகத் திருப்பி வைத்தார். என் அட்டவணை. விரலை ஒரு வரியில் வைத்தார்.

லேபிள் பிரிவு, பெண், இருபது வருடத்துக்கு மேல், ஒரு கண் பார்வை இழப்பு. கட்டத்தில் 1 என்று இருந்தது.

"லேபிள்ல நாலு பேர்தான் மேடம். மூணு பேர் போன வருஷம், முந்தின வருஷம் சேர்ந்தவங்க. இருபது வருஷத்துக்கு மேலன்னா ஒரே ஆள்தான். நான் தேடிக் கண்டுபிடிக்கல. படிச்ச உடனே தெரிஞ்சுபோச்சு. இது எனக்கு மட்டும் வரல, மேல எல்லாருக்கும் போயிருக்கு. மருந்து கம்பெனி மேடம். தெரிஞ்சதுக்கப்புறம் தெரியாத மாதிரி இருக்க முடியாதுங்கறாங்க. எனக்கே சங்கடமாத்தான் இருக்கு. அந்தம்மா மாதிரி ஒரு ஆள் எனக்குக் கிடைக்கப்போறதில்ல."

நான் அந்த 1-ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் இல்லை. பெயர் எழுதியிருந்தால்கூட இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது. பெயர் எழுத வேண்டாம், பெயர் எழுத வேண்டாம் என்று ஐம்பது பேரிடம் சொல்லிவிட்டு, அடையாளத்தை நானே கட்டம் கட்டிக் கொடுத்திருக்கிறேன். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. நான் காட்டிக்கொடுத்தேன்.

"நாற்காலியை அந்தப் பக்கம் போட்டாப் போதுமே. அதையும் எழுதியிருந்தேனே" என்றேன்.

"எழுதியிருக்கீங்க. மேல இருக்கறவங்க கண்ணு இல்லைங்கற வரியோட நிறுத்திக்கிட்டாங்க."

அங்கிருந்து நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலிலேயே நின்று சொன்னேன். "தப்பு என்னோடது. உன் மேல பழி போட்டது அதைவிடப் பெரிய தப்பு. என்னை மன்னிச்சுடு."

அவள் கதவை விட்டு நகர்ந்தாள். தண்ணீர் கொடுத்தாள். "அந்தக் கட்டத்தைப் பாத்தப்பவே உறுத்துச்சு அண்ணி. அஞ்சு பேருக்குக் கம்மியா இருந்தா எண்ணிக்கையைப் போடக் கூடாதுன்னு எங்கயோ படிச்சிருக்கேன். ஞாபகம் வரல. நீங்க அப்படிப் பேசினதும், போங்கன்னு விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது."

"அந்த அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைக்குமா?"

வக்கீல் முகம் வந்துவிட்டது அவளுக்கு. "வேலையில இருக்கும்போது குறைபாடு வந்தா அதுக்காக அனுப்ப முடியாது. சட்டம் இருக்கு. ஆனா அவங்க, 'நாங்க அனுப்பல, சர்டிபிகேட்தான் கேட்டோம்'னு சொல்வாங்க. எப்படித் தெரியவந்துச்சு, எதுக்காக சர்டிபிகேட் கேட்டாங்கன்னு நாம நிரூபிக்கணும். அதுக்கு நீங்க எழுதிக்குடுக்கணும். ரகசியம்னு வாக்குக் குடுத்து வாங்கினேன், என் அறிக்கையால வெளிய வந்துச்சு, மாற்றம் கேட்டதுக்குப் பதிலா ஆளையே நிறுத்திட்டாங்கன்னு. நீங்க கையெழுத்துப் போட்டு." காலித் தம்ளரை என் கையிலிருந்து வாங்கினாள். "இது வெளிய போச்சுன்னா இனி ஒரு கம்பெனியும் நம்ம வாசல்ல கால் வைக்காது அண்ணி."

பலகை மாட்டி நாலு மாதம்கூட ஆகவில்லை. இந்த மையத்துக்காக நான் விட்டுவிட்டு வந்த சம்பளமும் கூடவே ஞாபகத்துக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். "எழுது" என்றேன்.

அன்று மத்தியானமே இருவரும் உட்கார்ந்து எழுதினோம். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்தாள். இரண்டு முறை படித்தாள். நான் மூன்று முறை படித்தேன். சாயங்காலம் லேபிள் அக்காவின் வீட்டுக்குப் போனோம். மூன்று படி ஏறி, நீளமான நடையைக் கடந்து, கடைசி வீடு. அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"உக்காருங்க" என்றார், நாத்தனாரைப் பார்த்து.

நான் நின்றுகொண்டே சொன்னேன். அட்டவணை, கட்டம், ஒன்று. வேறு யாரும் சொல்லவில்லை, நான்தான் என்று. அவர் மடித்த துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தார்.

"நேத்துத்தான் எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சுது" என்றார். "அஞ்சு வருஷமா என்கிட்ட மறைச்சியான்னு கேட்டாரு. அதுக்கப்புறம் பேசல." பிறகு என்னைப் பார்த்தார். "நான் மூணு தடவை கேட்டேன் மேடம்."

"ஆமா அக்கா."

"மூணு தடவை."

நாத்தனார்தான் வழக்கு பற்றி விளக்கினாள். எழுதிய தாளைப் பையிலிருந்து எடுத்தாள். நான் கை நீட்டி வாங்கினேன். "படிக்கறேன் அக்கா, கேளுங்க. உங்களுக்குச் சரின்னா நான் கையெழுத்துப் போடறேன்."

"நீங்க படிக்காதீங்க" என்றார். "நீங்க படிச்சா என்ன படிக்கறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? குடுங்க."

தாளை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், வெளிச்சம் இடது பக்கம் விழும்படி நின்றார். விரலை முதல் வரியில் வைத்தார். அவசரமே இல்லை. ஒவ்வொரு வார்த்தையிலும் விரல் நின்றது, நகர்ந்தது. முதல் பக்கம் முடிந்து இரண்டாம் பக்கத்தின் நடுவில் நின்றுவிட்டது. அங்கிருந்து நகரவில்லை.

"இடது கண்ணுன்னு எழுதியிருக்கீங்க" என்றார்.

நாத்தனார் எழுந்து போய்ப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இடது கண் என்றுதான் இருந்தது. அந்தச் சின்ன அறையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து பார்த்த எனக்கு அது இடது பக்கமாக இருந்திருக்கிறது. அப்படியே சொல்லியிருக்கிறேன். அஞ்சு முறை படித்தும் எங்கள் நாலு கண்ணுக்கும் படவில்லை.

"போனது வலது கண்ணு" என்றார். "ஊருக்கெல்லாம் சொன்னீங்க. எந்தக் கண்ணுன்னாவது சரியாச் சொல்லக் கூடாதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அடிச்சு எழுதுங்க. அடிச்ச இடத்துல பக்கத்துலயே கையெழுத்தும் போடணும். இல்லாட்டி செல்லாதுன்னுடுவாங்க."

ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஜன்னல் திண்டில் தாளை வைத்து, இடது என்பதை அடித்து வலது என்று எழுதினேன். பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பி அங்கேயும் போடப் போனேன்.

"இருங்க" என்றார். தாளை என் கையிலிருந்து வாங்கி, விரலை வைத்து, முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார்.